மாரிக்கனியின் மனு நிலுவையில் இருக்கிறது

முதலில் வந்தது ஒரு பெயர்தான்.

"ஞானசிகாமணீ..." என்று கடைசி எழுத்தை இழுத்து, ஈர வேட்டியை வெயிலில் விரிப்பதுபோல நீளமாக விரித்த ஒரு குரல், உடைமரங்களுக்கு அந்தப் பக்கமிருந்து, ஆள் யாரும் கண்ணில் படாமல், காற்று எந்தப் பக்கம் அடிக்கிறதென்று பார்க்காமல், மணலூத்து ஊர் முழுக்க ஒரே அளவில் கேட்டது. டீக்கடைக்காரர் பாலை ஆற்றிக்கொண்டிருந்த கையை நிறுத்தினார். பஸ்ஸுக்கு நின்றவர்கள் வந்த பஸ்ஸை விட்டார்கள். இரண்டாம் தடவை அதே பெயர் அதே இழுப்போடு வந்தபோது படுத்துக்கிடந்த நாய்கள் எழுந்து நின்றன, மூன்றாம் தடவை "ஞானசிகாமணி ஆஜராஆ..." என்று முடிந்தபோது ஊரில் ஒரு மிக்ஸி, ஒரு ரேடியோகூட ஓடவில்லை. தன்னுடைய சாப்பாட்டுக் கொட்டகையில் தேங்காய் துருவிக்கொண்டிருந்த மாரிக்கனி மட்டும் திகைக்கவில்லை. கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, "தொண்டை கட்டியிருக்கு அவுகளுக்கு," என்று சொல்லிவிட்டு, வீட்டில் சுக்கு இருக்கிறதா என்று டப்பாவைத் திறந்து பார்த்தாள்.

குரல் அவள் புருசன் ஆதிலிங்கத்துடையது. குரல் வந்த இடம், கொட்டகைக்கு எதிரே உடைமரங்களைத் தாண்டி நின்ற புதிய தாலுகா ஆபீஸ். ஆபீஸ் என்று ஊர் ஒரு மரியாதைக்குச் சொல்லி வந்தது. மணலூத்தைத் தனித் தாலுகாவாக அறிவித்த அரசாங்கம் அங்கே அடிக்கல் நாட்டியது, தூண்கள் எழும்பின, மேல்தளம் போட்டார்கள், படிக்கட்டு பாதிவரை ஏறியது, நல்ல நாள் பார்த்து மஞ்சள் குங்குமம் வைத்து நவதானியம் போட்டு சூசைக் கொத்தனார் வேங்கை மரத்து வாசல் நிலையையும் தூக்கி நிறுத்திவிட்டார். சுவர் எழுப்புவதற்குள் தேர்தல் வந்தது. வந்த அரசாங்கம் இது கண்மாய்ப் புறம்போக்கு என்றது, போன அரசாங்கம் சுத்தத் தரிசு என்றது, டெண்டரில் முறைகேடு என்று ஒரு கூட்டமும் பழிவாங்கும் படலம் என்று ஒரு கூட்டமும் ஒரே பந்தல்காரரிடம் பந்தல் எடுத்து மாறி மாறி ஆர்ப்பாட்டம் நடத்தின, கம்பியின் கனத்தை அளக்க ஒரு குழு வந்தது, அந்தக் குழு அளந்தது சரியா என்று பார்க்க இன்னொரு குழு வந்தது, கோர்ட்டில் தடை வாங்கினார்கள், தடைக்குத் தடை வாங்கினார்கள். அதுவரைக்கும் தாலுகா ஆபீஸ் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. தாசில்தார் சுகந்தி மணமேடையில் மேஜை போட்டு உட்கார்ந்திருந்தார், நிலப் பதிவேடுகள் மணமகள் அறையில் கிடந்தன, முகூர்த்த நாள் வந்தால் எல்லாவற்றையும் ஓரமாக ஒதுக்கி ஜமுக்காளத்தைப் போட்டு மூடிவிட்டு ஆபீசுக்கு லீவு விட்டார்கள்.

ஆதிலிங்கம் அந்தக் கட்டடத்துக்கு வாட்ச்மேனாகப் போனவன். வேலைக்குச் சேர்த்துவிட்ட ஒன்றியச் செயலாளர் செந்தூர்ப்பாண்டி, "கட்டடம் மட்டும் திறக்கட்டும் ஆதி, அன்னைக்கே நீதான் தபேதாரு. வெள்ளை உடுப்பு, குறுக்கால செவப்புப் பட்டை, நெஞ்சுல வில்லை. நீ பேரு சொல்லிக் கூப்பிட்டாத்தான் எவனும் உள்ள வர முடியும்," என்று ஒரு வார்த்தை சொல்லி வைத்திருந்தார். அந்த வார்த்தை ஆதிலிங்கத்துக்குள் போய் வேர் விட்டுவிட்டது. அவன் வீட்டில் பெயர் கூப்பிட்டுப் பழகினான். குளிக்கும்போது கூப்பிட்டான், கறிவேப்பிலை ஆயும்போது கூப்பிட்டான், செத்துப்போன மாமன் பெயரையெல்லாம் மும்முறை கூப்பிட்டு ஆஜரா என்று கேட்டான். "ஏன், வந்திருவாரு, வந்து உங்களுக்கு நாலு சாத்து சாத்துவாரு," என்பாள் மாரிக்கனி.

விசாரணை அதிகாரிகள் வந்த நாளில் அவன் உள்ளேதான் இருந்தான். வந்தவர்கள் கையில் பூட்டு இருந்தது, அரக்கு இருந்தது, வெள்ளைத் துணி இருந்தது, கட்டடத்துக்குச் சீல் வைக்கச் சொல்லும் உத்தரவும் இருந்தது. கட்டடத்துக்குச் சுவர்தான் இல்லை. தூணுக்குத் தூண் திறந்து கிடந்தது, ஆடுகள் இந்தப் பக்கம் நுழைந்து மேய்ந்துவிட்டு அந்தப் பக்கம் வெளியே வந்தன. அதிகாரிகள் சுற்றிச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, தன்னந்தனியாக நின்ற வாசல் நிலையைக் கண்டதும் முகம் தெளிந்து, குறுக்கே இரண்டு பலகையை அடித்து, துணி சுற்றி, அரக்கை உருக்கி முத்திரை வைத்து, நோட்டீஸ் ஒட்டி, "உள்ள இருக்கிறது உள்ளயே இருக்கணும், வெளிய இருக்கிறது வெளியவே இருக்கணும், மறு உத்தரவு வர்ற வரைக்கும் ஒண்ணும் நகரக் கூடாது," என்று பொதுவாகச் சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறிப் போனார்கள். சிமெண்ட் மூட்டைகளை நினைத்துத்தான் சொன்னார்கள். ஆதிலிங்கம் தன்னைச் சொன்னதாக எடுத்துக்கொண்டான்.

சாயங்காலம் ஆள் வரவில்லையே என்று மாரிக்கனி தேடிப்போனபோது அவன் ஒரு தூணடியில் செங்கல் அடுக்கி உட்கார்ந்திருந்தான்.

"என்ன இங்ஙன உக்காந்துட்டீய? வாங்க வீட்டுக்கு."

"எப்படி வர? சீல் வச்சுட்டாகளே."

"வாசலுக்குல்லா வச்சிருக்காக. இந்தா, நான் நிக்கேன் பாருங்க, சுவரே இல்ல. இப்படி ஒரு எட்டு வச்சா வெளிய."

"சுவரு இல்லாட்டி என்ன கனி, வாசல் இருக்குல்லா. ஆபீசுன்னா வாசல் வழியாத்தான் வரணும், போகணும். நாளைக்கு எனக்கு உத்தியோகம் போடும்போது, சீல் வச்ச அன்னைக்கு இவன் ஆடு மாதிரி சந்து வழியாப் போனவன்னு ஒருத்தன் எழுதிட்டாம்னா?"

அவள் திட்டிப் பார்த்தாள், அழுதும் பார்த்தாள், கையைப் பிடித்து இழுத்தும் பார்த்தாள். இழுத்தபோது அவன் கை ஈரச் சிமெண்ட் மாதிரி சில்லென்று இருந்தது. பிறகு வேறு வழி தெரியாமல் மூன்று வேளையும் சோறு கொண்டுபோய்த் தூண்களுக்கு நடுவே வைத்தாள். குழுக்களின் கெடு நீள நீள, ஆதிலிங்கம் குறைந்துகொண்டு வந்தான். முதலில் அவனுக்கு நிழல் விழாமல் போயிற்று, வெயில் கடுமை அப்படி என்று அவள் நினைத்தாள். ஐப்பசி மழையில் அவன் சட்டை வழியாகப் பின்னால் இருந்த தூண் தெரிந்தது. கார்த்திகையில் தட்டு காலியாகத் திரும்பியது, ஆனால் சாப்பிட்டவன் உட்கார்ந்த இடத்தில் செங்கல் மட்டும் இருந்தது. அவள் செங்கலைத் தொட்டுப் பார்த்தாள், ஆள் எழுந்துபோன சூடு அதில் இருந்தது.

திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் மண்டபத்துக்குப் போய், சீலை உடைத்து என் வீட்டுக்காரரை வாசல் வழியாக வெளியே விடவும் என்று மனுக் கொடுத்தாள். தாசில்தார் சுகந்தி நல்ல மாதிரி. மனுவை இரண்டு தடவை படித்தார். "சீல் வச்சப்ப உள்ள யாரும் இல்லன்னு மகஜர்ல கையெழுத்து ஆயிருக்கும்மா. இல்லாத ஆளை நான் எப்படி வெளிய விட?" என்று கேட்டார். கேட்டுவிட்டு, கிழித்துப் போடாமல், எண் போட்டு வாங்கி வைத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு மாசியில்தான் அந்தக் காலைநேரக் குரல் வந்தது.

ஞானசிகாமணி, தன் நிலத்துக்குத் தம்பி பெயரில் பட்டா ஏறிவிட்டதென்று தலை நரைக்கும் வரை ஆபீஸ் ஆபீஸாக அலைந்த மனுசர். ஒரு ஆபீஸ் தானாகத் தன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதே அவருக்குப் பெரிய சங்கதியாக இருந்தது. தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டு, செருப்பைக் கழற்றிவிட்டு, சீல் வைத்த நிலைக்கு ஒரு கும்பிடு போட்டு, பக்கவாட்டில் தூண்களுக்கு இடையே உள்ளே போனார். வெளியே நின்ற கூட்டம் பார்த்துக்கொண்டுதான் இருந்தது. உள்ளே நடந்தார், நடந்தார், இரண்டாவது தூண் வரிசையைத் தாண்டியதும் அவர் தெரியவில்லை. அந்தப் பக்கம் உடைமரங்களும் ஆடுகளும் தெரிந்தன. கொஞ்ச நேரம் கழித்து அதே இடத்தில் தெரிந்தார், வெளியே வந்தார், துண்டை உதறித் தோளில் போட்டார்.

"என்ன அண்ணாச்சி, யாரு இருந்தா உள்ள?"

"தெரியலயேப்பா. குளுகுளுன்னு இருந்துது. சொல்லுன்னு கேட்டுச்சு. சொன்னேன். முழுசும் சொல்லி முடிச்சேன்."

"பட்டா என்னாச்சு?"

ஞானசிகாமணி கேட்டவன் முகத்தையே பார்த்தார். "எந்தப் பட்டா?" என்றார். அன்றைக்கு அவர் தம்பி வீட்டில் போய் உட்கார்ந்து சோறு சாப்பிட்டார். தம்பிதான் சோறு இறங்காமல் இருந்தான்.

மணலூத்து இதை அதிசயம் என்று நெடுநாள் வைத்துக்கொண்டிருக்கவில்லை. ஊர்களுக்கு அந்தக் குணம் உண்டு, எதுவும் நாலு நாள் தொடர்ந்து நடந்துவிட்டால் அது வழக்கம். காலையில் குரல் வரும், மண்டபத்தில் மனுக் கொடுத்தவர்களின் பெயர்கள் வரிசையாக வரும், போனவர்கள் திரும்பி வருவார்கள், வரும்போது குறை அவர்களிடம் இருக்காது. குறை தீரவில்லை. குடிதண்ணீர்க் குழாய் காய்ந்துதான் கிடந்தது, தண்ணீர் கேட்டவர்களுக்குத்தான் கேட்கிற எண்ணம் போய்விட்டிருந்தது. ஆட்டோக்காரர்கள் கட்டடத்துக்குத் தனியாக ஷேர் ஆட்டோ விட்டார்கள். ஜெராக்ஸ் கடை இடம் மாறி வந்தது. வெளியூர்க்காரர்கள் மணலூத்தில் விலாசம் வாங்கி மனுப் போட்டார்கள். எங்கே கூப்பிடும்போது காதில் விழாமல் போய்விடுமோ என்று ஊரில் சத்தமாகப் பேசுவதை விட்டார்கள், சண்டைகூடக் கிசுகிசுவென்று நடந்தது. போய்வந்தவர்களை முகத்தில் கண்டுபிடிக்கலாம். பூட்டின வீட்டு ஜன்னல் மாதிரி சுத்தமாக, வெளிச்சமாக, யாரும் எட்டிப் பார்க்காத முகம்.

மாரிக்கனி கொட்டகையில் இருந்தபடி எல்லாப் பெயர்களையும் கேட்டாள். குரலில் அவன் இருந்தான். ஆனால் அவனுக்குள் தான் இருக்கிறோமா என்று அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை. சோற்றை வைத்துவிட்டுத் தூணோரம் நின்று, "இன்னைக்குக் கத்தரிக்கா போட்டிருக்கேன்," என்பாள். பதிலுக்கு யாரோ ஒருவருடைய பெயர் வரும்.

சூசைக் கொத்தனார் ஒருநாள் கொட்டகையில் இட்லி தின்றுகொண்டே, "நான் பிடிச்ச பிடில இருந்திருக்கணும் கனி. நிலை வச்சா பால் காய்ச்சணும். காய்ச்சாம மனுசன் கைவிட்ட கட்டடம், அதுவா ஆளைப் பிடிச்சு வச்சு குடித்தனம் நடத்திக்கிடும்," என்றார்.

"இப்ப காய்ச்சலாம்லா?"

"யாரு காய்ச்சுவா? இவுக காய்ச்சினா அவுக கட்டினதுன்னு ஆயிரும், அவுக காய்ச்சினா இவுக விடமாட்டாக. பால் எந்தக் கட்சிப் பாலுன்னு விசாரிக்கவே ஒரு குழு போடுவானுக."

சூசை சிரிக்கவைக்கத்தான் சொன்னார். ஆனால் ஏறக்குறைய அப்படித்தான் நடந்தது. தாலுகாவில் மனுக்கள் வற்றிப்போன செய்தி மேலே போயிற்று. ஆளும் தரப்பு, எங்கள் நிர்வாகத்தில் குறையே இல்லாத தாலுகா என்றது. எதிர்த்தரப்பு, நாங்கள் கட்டின கட்டடத்தின் ராசி என்றது. அதற்குப் பிறகு சீலை உடை என்று ஒருவரும் கேட்கவில்லை. ஆர்ப்பாட்டப் பந்தல் பிரிக்கப்பட்டது. கோர்ட்டில் இரு தரப்பு வக்கீல்களும் ஒருவரையொருவர் பார்த்துத் தலையாட்டிவிட்டு அவகாசம் கேட்டார்கள். கடைசியாக வந்த சட்டசபைக் குழுவில் ஒரு உறுப்பினர் மட்டும், இந்தக் கட்டடத்தில் நடந்த அத்தனையையும் தோண்டாமல் விடமாட்டேன் என்று மைக்கில் சொல்லிக்கொண்டு வந்தார். தூண்களை அவர் தட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே உள்ளேயிருந்து அவர் பெயர் வந்தது, தகப்பனார் பெயரோடு. போனார். திரும்பி வந்தவர், "நல்ல காத்து," என்றார். என்ன விசாரிக்க வந்தோம் என்று பி.ஏ.விடம் கேட்டார். அவன் சாப்பாட்டுக்கு நேரமாச்சு என்றான். மதியம் அயிரை மீன் குழம்பு சாப்பிட்டுவிட்டு, கெடுவை நீட்டித்துக் கையெழுத்துப் போட்டுப் போய்ச் சேர்ந்தார்.

இதெல்லாம் மாரிக்கனிக்குத் தூரத்துச் சங்கதிகள். அவளைப் பயமுறுத்தியது செல்வமேரி. தெருக்கோடியில் இருந்த அந்தப் பொம்பளைக்கு ஒரே மகள். பள்ளிக்கூடம் போன பிள்ளை காய்ச்சலில் படுத்து, யாரோ போட்ட தப்பான ஊசியில் போய்விட்டது. நியாயம் கேட்டு செல்வமேரி போகாத இடமில்லை, அவள் அழுகையைக் கேட்டுத் தெருவே தூங்காமல் கிடந்த காலம் உண்டு. ஒருநாள் அவள் பெயர் வந்தது. போய்விட்டு வந்தவள், கொடியில் எப்போதும் துவைத்துக் காயப்போட்டு வைத்திருக்கும் பள்ளிக்கூடச் சீருடையைக் கையில் எடுத்துக்கொண்டு கொட்டகைக்கு வந்தாள்.

"மதினி, இது எங்க கொடியில கெடந்துது. யாரு வீட்டுப் பிள்ளைதுன்னு தெரியுமா? தேடிட்டு இருப்பாக."

மாரிக்கனி ஈரக் கையைச் சேலையில் துடைத்தாள். சீருடையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். செல்வமேரி போகவில்லை, பெஞ்சில் உட்கார்ந்தாள்.

"நீங்க தெனமும் யாரைத் தேடி அந்தப் பக்கம் போறீய?"

"எங்க வீட்ல உள்ளவுகளை."

"அப்படியா," என்று செல்வமேரி ரொம்ப நேரம் தன் இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "எனக்கும் யாரையோ தேடணும்னு கை பரபரங்குது மதினி. யாரைன்னுதான் பிடிபடல. ஆனா சங்கடம் ஒண்ணும் இல்ல. நல்லாத்தான் இருக்கு." சொல்லும்போது அந்தச் சுத்தமான முகத்தில் கண்ணீர் தானாக வழிந்தது, அது எதற்கென்று தெரியாமல் அவள் அதை வியர்வையைத் துடைப்பதுபோலத் துடைத்தாள்.

அன்றிலிருந்து மாரிக்கனிக்குத் தன் பெயர் வந்துவிடுமோ என்ற பயம் பிடித்தது.

பங்குனி கடைசியில் வந்தது. மனுக்கள் ஒவ்வொன்றாகத் தீர்ந்து, இரண்டு நாள் குரலே இல்லாமல், ஊர் வெறிச்சென்று இருந்தது. மூன்றாம் நாள், "மாரிக்கனீ..." என்று கேட்டபோது அவள் எழுந்தேவிட்டாள். கூடவே கால் நடந்தது. இத்தனை மாதத்தில் அவன் அவளைக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. உடைமரம் வரைக்கும் போனவள், இரண்டாம் தடவை "ஆதிலிங்கம் சம்சாரம் மாரிக்கனீ..." என்று வந்ததும் அப்படியே நின்றாள். வீட்டில் அவளை அவன் கனி என்பான், கோபத்தில் ஏட்டி என்பான். இந்தக் குரலோ ஆதிலிங்கம் என்ற தன் பெயரையே யாரோ மூன்றாம் மனுசன் பெயர்போலச் சொல்லிற்று. அவள் மரத்தைப் பிடித்துக்கொண்டாள். மூன்றாம் தடவையும் கேட்டுவிட்டுத் திரும்பி வந்தாள். மறுநாள் அதே பெயர் வந்தது. அதற்கு மறுநாளும் வந்தது. வேறு பெயர் எதுவும் மிச்சமில்லை.

தாசில்தார் சுகந்தி கொட்டகைக்கே நேரில் வந்தார். பெஞ்சில் உட்கார்ந்து, கொடுத்த மோரைக் குடித்தார்.

"தாலுகாவிலயே நிலுவையில இருக்கிறது உங்க மனு ஒண்ணுதான் மாரிக்கனி. சித்திரையில அமைச்சர் வர்றார். குறை இல்லாத தாலுகான்னு அறிவிக்கப் போறார். அதுக்குள்ள முடிக்கணும்னு மேல இருந்து போன் மேல போன்."

"சீலை உடைச்சா முடிஞ்சிருமே மேடம்."

"அது என் கையில இல்ல. விசாரணை முடியணும். விசாரணை முடியறதுல இப்ப யாருக்கும் அக்கறை இல்ல. உங்களுக்குத் தெரியாததா?"

மாரிக்கனி டம்ளரைக் கழுவி வைத்தாள். "ஒண்ணு கேக்கேன். போனவுக பேரு எதுவும் ரெண்டாந்தடவை வரலைல்லா?"

"வரல. முடிஞ்சது முடிஞ்சதுதான்."

"என் மனுவும் முடிஞ்சிட்டுன்னா, அப்புறம் யாரு பேரைக் கூப்பிடுவாக?"

சுகந்தி யோசித்தார். யோசிக்க யோசிக்க அவர் முகம் மாறியது. "கூப்பிட ஆளில்லையே," என்றார் மெதுவாக.

"மனுக் கொடுத்தவ வரலைன்னா ஆபீசுல என்ன செய்வீய?"

"மூணு தரம் கூப்பிடுவோம். வரலைன்னா வாய்தா. மறுநாளைக்கு எடுத்து வைப்போம்."

"எத்தனை தரம் வாய்தா போடலாம்?"

சுகந்தி வெளியே கட்டடத்தைப் பார்த்தார். "நம்ம ஆபீசுல வாய்தாவுக்கு எப்பம்மா கணக்கு இருந்திருக்கு?" என்றார்.

அந்தச் சித்திரை நாளில் கட்டடத்துக்கு முன்னால் பெரிய பந்தல் போட்டார்கள். இரண்டு கட்சிக் கொடிகளும் அக்கம்பக்கமாகப் பறந்ததை ஊர் அன்றைக்குத்தான் பார்த்தது. போய்வந்தவர்கள் எல்லோரும், சொல்லாமலே வந்து, வரிசை வரிசையாக நின்றார்கள். யாரும் பேசவில்லை, யாரும் விசிறிக்கொள்ளவில்லை. அத்தனை வெயிலில் அத்தனை முகங்கள் ஒன்றும் வேண்டாமல் நிற்பதைப் பார்த்து மைக் கட்டுகிறவன் பயந்து வேகவேகமாக வேலையை முடித்தான். அமைச்சர் வந்து உட்கார்ந்தார். கொட்டகையில் மாரிக்கனி முறத்தில் முருங்கைக்கீரையை உருவிக்கொண்டிருந்தாள்.

"மாரிக்கனீ..."

செந்தூர்ப்பாண்டி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கொட்டகைக்கு ஓடிவந்தார். ஆட்சி மாறியபோது அவரும் மாறி, இப்போது இந்தக் கட்சியில் அதே ஒன்றியச் செயலாளராக இருந்தார்.

"மதினி, கையெடுத்துக் கும்பிடுதேன். அஞ்சு நிமிசம். போயிட்டு வந்தா உங்களுக்கே சொகம். மனசு லேசாயிரும். ஊரே போயிட்டு வந்திருக்கு, நீங்க மட்டும் என்ன உசத்தி?"

"நீங்க போனீயளா அண்ணாச்சி?"

"எனக்கு என்ன குறை? நான் எதுக்குப் போக?"

"எங்க வீட்ல உள்ளவுகளுக்கு தபேதாரு வேலைன்னு சொன்னது நீங்கதான். வேலை கெடைச்சிட்டு பாத்தீயளா. உடுப்புதான் இன்னும் வரல. உள்ள போடுததுக்கு ஆளும் இல்ல."

"ஆதிலிங்கம் சம்சாரம் மாரிக்கனீ..."

அவள் முறத்தைக் கீழே வைத்து எழுந்தாள். கூட்டம் வழிவிட்டது. தூண்களுக்கு இடையே இருந்த திறப்புகளை அவள் திரும்பிப் பார்க்கவில்லை, நேராக வந்து சீல் வைத்த வாசல் நிலைக்கு முன்னால் நின்றாள். வெயிலில் இளகி இறுகின அரக்கு பலகையில் காய்ந்த புண் மாதிரி இருந்தது. பலகைச் சந்து வழியாகப் பார்த்தாள். தூண்கள் இருந்தன, செங்கல் இருந்தது, காலையில் வைத்த தட்டு காலியாக இருந்தது. எட்டிக் கையை நீட்டினால் தொட்டுவிடுகிற தூரத்தில், அவள் நெற்றிமயிர் அசையும்படி, ஆள் மூச்சு வாங்குகிற காற்று வந்தது. அந்த மூச்சு அவளைத் தெரிந்துகொள்ளவில்லை. தெரிந்துகொள்வதற்கு முயற்சி செய்கிறதோ என்று தோன்றும்படி ஒரு கணம் நின்று, பிறகு உள்ளே இழுத்துக்கொண்டது.

"மாரிக்கனி ஆஜராஆ..."

போனால் அவனைப் பார்க்கலாமாக இருக்கும். பார்த்துவிட்டு, வெளியே வந்து, சாயங்காலம் உலை வைக்கும்போது இரண்டு பேருக்கு எதற்கு அரிசி எடுத்தோம் என்று யோசித்துக்கொண்டு நிற்பாள். நாளைக்குக் காலையில் இந்த இடத்திலிருந்து எந்தப் பெயரும் வராது.

அவள் பந்தலைப் பார்த்துத் திரும்பினாள்.

"வாசல்ல அரசாங்க முத்திரை இருக்கு," என்றாள், மைக் இல்லாமலே எல்லோருக்கும் கேட்டது. "இதை உடைக்க யாருக்கு முடியுமோ உடைங்க. இந்த வழியா அவுகளை நான் கூட்டிட்டுப் போறேன். முடியாதுன்னா, மனுக் கொடுத்தவ வரலைன்னு எழுதிக்கோங்க."

"அதான் வந்து நிக்கிறாங்களே?" என்றார் அமைச்சரின் உதவியாளர். "பக்கத்துல சுத்தி வரச் சொல்லுங்கப்பா."

ஒருவரும் சொல்லவில்லை. அமைச்சர் அரக்கைப் பார்த்தார், செந்தூர்ப்பாண்டியைப் பார்த்தார், பிறகு கைக்கடிகாரத்தைப் பார்த்தார். தாசில்தார் சுகந்தி பேனாவைத் திறந்து, மடியில் வைத்திருந்த கோப்பில் ஒரு வரி எழுதி, எழுதினதைச் சத்தமாக வாசித்தார்: "மும்முறை அழைத்தும் மனுதாரர் உள்ளே வரவில்லை. வாய்தா."

வரிசையில் நின்றவர்களிடமிருந்து, ரொம்ப நாளாகத் திறக்காத கதவு கொஞ்சம் அசைந்ததுபோல, ஒரு முனகல் வந்தது. யார் முனகினார்கள் என்று யாரும் யாரையும் பார்க்கவில்லை. அமைச்சர் கார் கிளம்பியது. பந்தல்காரன் சுகந்தியிடம் வந்து, பிரிக்கவா, நாளைக்கும் இருக்கட்டுமா என்று கேட்டான்.

மாரிக்கனி கொட்டகைக்கு வந்தாள். கீரை வெயிலில் லேசாக வதங்கியிருந்தது. தண்ணீரைத் தெளித்து, முறத்தை மடியில் எடுத்து வைத்து, விட்ட இடத்தில் ஒரு ஈர்க்கை எடுத்து உருவத் தொடங்கினாள்.